வடிகட்டிய பின் எஞ்சுவது எங்கே?

இன்று நம்மவர் இல்லங்கள் பலவற்றின் சமையலறைச் சுவரில் குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. அதிலிருந்து இரண்டு குழாய்கள் வெளிவருவதை இல்லத்தரசிகள் நன்கு அறிவர். ஒன்றில் குடிப்பதற்குரிய நன்னீர் வருகிறது. மற்றொன்றில், நீக்கப்பட்ட உப்புகளையெல்லாம் சுமந்துகொண்டு உவர்நீர் வழிந்தோடுகிறது. முதற்குழாயின் நீரை வந்த விருந்தினருக்கும் கொடுத்து மகிழ்கிறோம். இரண்டாவது குழாய் எங்கே போய் முடிகிறது என்று எவரும் கேட்பதில்லை.

வீட்டளவில் இது சிறிய செய்தி. ஆனால் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீரைத் தூய்மையாக்கும் முயற்சி முழுவதும் இவ்விரு குழாய்களுக்குள்தான் அடங்கியிருக்கிறது. நானோ பொருள்களால் ஆன புதிய சவ்வுகள் தொழிற்கழிவுச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்னும் செய்தியை இப்பொழுது அடிக்கடி படிக்கிறோம். அச்செய்தியில் எவ்வளவு உண்மை இருக்கிறது? அது நம் சமுதாயத்தை எவ்வாறு தொடுகிறது? இவற்றை வாசகர்களோடு சேர்ந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் ஊர்களின் தொழில்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம், திண்டுக்கல் என்னும் ஊர்ப்பெயர்களைக் கேட்டவுடன் தோல் தொழில் நினைவுக்கு வரும். தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் குடும்பங்கள் பெரும்பங்கு வகித்து வளர்த்த தொழில் அது. அதன் வருவாயில் கல்விக்கூடங்கள் எழுந்தன. 1919-இல் தொடங்கப்பட்ட வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், தோல் வணிகராக விளங்கிய நவாப் சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயரைத் தாங்கி மேல்விஷாரத்தில் நிற்கும் கல்லூரியும் இதற்குச் சான்றுகள். இலட்சக்கணக்கான ஏழைக் குடும்பங்களின் அடுப்பு எரிவதும் இத்தொழிலால்தான். எனவே இதைப் பழித்துப் பேசுவது எளிது, நியாயமன்று.

ஆயினும் மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும். முன்னாளில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்தினர். 1970-களில் பதனிடாத தோலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவதை அரசு கட்டுப்படுத்தியபின், முழுமையாகப் பதப்படுத்திய தோலுக்கும் தோற்பொருள்களுக்கும் ஊக்கம் கிடைத்தது. குரோமியம் என்னும் உலோக உப்பைக் கொண்டு விரைவாகப் பதனிடும் முறை பரவியது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 30 முதல் 40 லிட்டர் நீர் செலவாகிறது. அழுகாமல் காக்க இட்ட உப்பு, மயிரை நீக்க இட்ட சுண்ணாம்பும் சல்பைடும், பின்னர் அமிலம், குரோமியம், சாயம் ஆகிய அனைத்தும் அந்நீரில் கலந்து வெளியேறுகின்றன. வழக்கமான முறையில் இடப்படும் குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் ஒட்டாமல் நீரோடு போய்விடுகிறது.

இதன் விளைவைப் பாலாறு அறியும். அதன் கரையிலுள்ள உழவர்களின் கிணறுகள் அறியும். 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் அளித்த தீர்ப்பில், தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாததாகிவிட்டது என்னும் ஆய்வு முடிவு எடுத்துக்காட்டப்பட்டது. மாசுபடுத்தியவரே அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும் என்னும் கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் அறிவித்ததும் இத்தீர்ப்பில்தான். ஏறத்தாழ 28 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30-ஆம் நாள், அதே உச்ச நீதிமன்றம் பாலாற்றுப் படுகையின் துயரம் இன்னும் தீரவில்லை என்று கண்டு, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கவும் ஆணையிட்டது.

இடைப்பட்ட ஆண்டுகளில் எதுவும் செய்யப்படவில்லை என்று கூறிவிட முடியாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவை உண்ணச் செய்து நீரைத் தெளியவைத்தனர். ஆனால் நுண்ணுயிர்களால் உப்பை உண்ண முடியாது. ஒரு லிட்டர் கழிவுநீரில் கரைந்துள்ள உப்புகள் 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது தமிழ்நாட்டில் வகுக்கப்பட்ட வரம்பு. தோல் கழிவிலோ அது பல மடங்கு இருக்கும். ஆகவேதான் உப்பையும் பிரிக்கவல்ல சவ்வுகள் தேவைப்பட்டன.

சவ்வு செய்யும் வேலை

தேநீரை வடிகட்டும் சல்லடை தேயிலைச் சக்கையை நிறுத்தும், சாயத்தை நிறுத்தாது. மெல்லிய மஸ்லின் துணியில் வடித்தால் இன்னும் நுண்ணிய தூள் நிற்கும். துளையைச் சிறிதாக்கச் சிறிதாக்க, நிற்பவை கூடிக்கொண்டே போகும். சவ்வுகளின் படிநிலையும் இத்தகையதே. முதற்படியிலுள்ள சவ்வு பாக்டீரியாக்களை நிறுத்தும். அடுத்தது வைரஸ்களையும் புரதங்களையும் நிறுத்தும். மூன்றாவதான நானோ வடிகட்டி சாயங்களையும் சில வகை உப்புகளையும் நிறுத்தும். நான்காவதான ஆர்.ஓ. சவ்வு, ஏறத்தாழ எல்லா உப்புகளையும் தடுத்து நீரை மட்டும் விடும்.

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். நீரின் மூலக்கூறு ஒன்றோ ஒரு நானோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு நுண்ணிய உலகில் எதை விடுவது, எதை நிறுத்துவது என்று தீர்மானிக்கும் வாயிற்காவலனே சவ்வு.

இத்துறையின் வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவருக்கும் இடமுண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், இந்தியாவில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜன் என்பவரும் சிட்னி லோப் என்பவரும் 1950-களின் இறுதியில் செல்லுலோஸ் அசிடேட் என்னும் பொருளால் ஒரு சவ்வை உருவாக்கினர். மேலே மிக மெல்லிய இறுக்கமான தோல், கீழே அதைத் தாங்கும் துளைகள் மிகுந்த அடுக்கு என்பது அதன் அமைப்பு. அதுவரை சொட்டுச் சொட்டாக வந்த நன்னீர் பயன்படத்தக்க அளவில் வரத்தொடங்கியது. 1965-இல் அதே மாநிலத்தின் கோலிங்கா என்னும் சிற்றூருக்கு இம்முறையில் குடிநீர் கிடைத்தது. பின்னர் 1970-களில் ஜான் கேடோட் என்பவர் பாலிஅமைடு என்னும் பொருளில் இன்னும் மெல்லிய படலத்தை அமைத்தார். நம் சமையலறைப் பெட்டிக்குள் சுருண்டிருப்பது அதன் வழித்தோன்றலே.

புதிய பொருள்கள்

அந்தப் பாலிஅமைடு படலத்திற்குப் பல ஆண்டுகளாகச் சில குறைகள் உண்டு. நீரை உள்ளே தள்ள மிகுந்த அழுத்தம் வேண்டும். அழுக்குப் படிந்து விரைவில் அடைத்துக்கொள்ளும். குளோரின் பட்டால் அழிந்துவிடும். இக்குறைகளைக் களையவே நானோ பொருள்களின் பக்கம் அறிஞர்கள் திரும்பினர்.

முதல் வழி, பழைய படலத்திற்குள்ளேயே நுண்துகள்களைக் கலப்பது. 2007-இல் மேற்கூறிய அதே பல்கலைக்கழகத்தில் எரிக் ஹோக் குழுவினர் சியோலைட் என்னும் நுண்துளை நிறைந்த கனிமத் துகள்களைப் பாலிஅமைடு படலத்தில் பதித்தனர். உப்பைத் தடுக்கும் திறன் குறையாமலே நீர் செல்லும் அளவு கூடியது. ஆய்வுக்கூடத்தைத் தாண்டிக் கடைக்கு வந்த நானோ சவ்வு இதுவே எனலாம்.

இரண்டாவது வழி, கரிமக் குழாய்கள். கரி அணுக்கள் சுருண்டு மிக நுண்ணிய குழாயாக அமைபவை இவை. 2006-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தார், இரண்டு நானோமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள இக்குழாய்களின் வழியே, பழைய கணக்குகள் கூறியதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலான வேகத்தில் நீர் பாய்வதைக் கண்டனர். குழாயின் உட்சுவர் அவ்வளவு வழுவழுப்பானது.

மூன்றாவது, கிராஃபீன் ஆக்சைடு. பென்சில் கரியிலிருந்து பெறப்படும், ஓர் அணுத் தடிமனே உள்ள தாள்களின் அடுக்கு இது. கேரளத்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ராகுல் நாயரும் உடனாய்வாளர்களும் 2012-இல் வியப்பான செய்தி ஒன்றை வெளியிட்டனர். ஹீலியம் வாயுவைக்கூட உட்புக விடாத இவ்வடுக்கு, நீராவியைத் தடையின்றி விட்டது! ஆனால் நீரில் மூழ்கினால் இத்தாள்கள் ஊறிப்பருத்து, இடைவெளி அகன்று, உப்பும் நுழைந்துவிடும். அப்படிப் பருக்காமல் இரு பக்கமும் பிசின் இட்டு இறுக்கி, இடைவெளியை வேண்டிய அளவில் நிறுத்தும் வழியை 2017-இல் அவர்களே காட்டினர்.

நான்காவது, உலோக அணுக்களைக் கரிமக் கம்பிகளால் இணைத்துக் கட்டிய சட்டகங்கள். ஒரு கட்டடத்தின் அறைகளைப்போல் ஒரே அளவிலான வெற்றிடங்கள் இவற்றுள் வரிசையாக இருக்கும். இக்கண்டுபிடிப்புக்காக 2025-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற மூவரில் ஒருவர் உமர் யாகி. ஜோர்டானின் அம்மான் நகரில், பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில், மின்சாரமும் குழாய்நீரும் இல்லாத ஓர் அறையில் வளர்ந்தவர் அவர். இத்தகைய சட்டகங்களில் பல நீரில் சிதைந்துவிடுகின்றன. சிர்கோனியம் போன்ற உலோகங்களால் ஆனவை நிலைத்து நிற்கின்றன. அவற்றைச் சவ்வுகளில் கலந்து கழிவுநீரை வடிக்கும் ஆய்வுகள் நடைபெறுகின்றன.

இவற்றோடு, டைட்டானியம் ஆக்சைடு, வெள்ளி ஆகியவற்றின் நுண்துகள்களைச் சவ்வின் மேற்பரப்பில் பூசும் முறையும் உண்டு. முன்னது ஒளிபட்டால் சாயம் போன்ற கரிமப் பொருள்களைச் சிதைக்கும். பின்னது கிருமிகள் படலமாக வளர்வதைத் தடுக்கும்.

விளம்பரம் சொல்லாதவை

இனி, எச்சரிக்கைக்குரிய செய்திகளுக்கு வருவோம். ஆய்வுக்கூடத்தில் நாணயமளவில் செய்த சவ்வைத் தொழிற்சாலைக்கு வேண்டிய பல்லாயிரம் சதுர மீட்டர் அளவில், ஓர் ஓட்டையும் இல்லாமல் செய்வது மிகக் கடினம். சவ்வின் ஓரிடத்தில் சிறு கிழிசல் இருந்தாலும் உப்பு அவ்வழியே புகுந்துவிடும். அன்றியும், ஆய்வாளர்கள் பெரும்பாலும் உப்பும் ஒரு சாயமும் மட்டும் கலந்த தெளிந்த நீரைக் கொண்டே சோதிக்கின்றனர். உண்மையான தோல் கழிவிலோ கொழுப்பும் புரதமும் சல்பைடும் கலந்திருக்கும்.

இரண்டாவதாக, பதித்த துகள்கள் கழன்று நீரோடு போய்விடலாகாது. கழிவை நீக்க வந்த பொருளே புதிய கழிவாகிவிடுமல்லவா? சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப் அவர்களின் குழுவினர், ஆர்சனிக் நஞ்சை நீக்கும் இரும்பு நுண்துகள்களை, இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் என்னும் பொருளுக்குள் பிணைத்து வைத்தனர். அது சவ்வு முறை அன்று. குடிநீருக்கான வேறொரு முறை. எனினும் துகளைக் கட்டிவைக்கும் கவலை எல்லாருக்கும் பொதுவானது. இப்பேராசிரியருக்கு 2022-இல் சவூதி அரேபியாவின் இளவரசர் சுல்தான் பெயரிலான பன்னாட்டு நீர் விருது வழங்கப்பட்டது.

மூன்றாவது செய்தியே எல்லாவற்றிலும் முதன்மையானது. எந்தச் சவ்வும் அழுக்கை அழிப்பதில்லை; பிரிக்கிறது, அவ்வளவே. நூறு லிட்டர் கழிவில் எண்பது லிட்டர் நன்னீராக வெளிவந்தால், அதிலிருந்த உப்பு முழுவதும் எஞ்சிய இருபது லிட்டரில் ஐந்து மடங்கு செறிவோடு நிற்கும். உப்பு செறியச் செறிய, நீரைப் பிரிக்க மேலும் மேலும் அழுத்தம் தேவைப்படும். கடல்நீருக்கே காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 27 மடங்கு அழுத்தம் கொடுத்த பின்புதான் நன்னீர் பிரியவே தொடங்கும். இது படைப்பின் விதி. எத்துணை விரைவான கிராஃபீன் சவ்வும் இவ்விதியை மீற முடியாது.

எஞ்சிய செறிநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கினால் உப்புக் குவியல் மிஞ்சும். பலவகை உப்பும் கரிம அழுக்கும் கலந்த அதை எவரும் வாங்குவதில்லை. மழைபட்டால் மீண்டும் கரைந்து மண்ணுக்குள் இறங்கிவிடும். ஆகவே கொட்டகையில் அடுக்கிவைக்கின்றனர். சுத்திகரிப்பில் சேரும் கசடுச் சேறும் அவ்வாறே தேங்குகிறது. 2015 ஜனவரி 31-ஆம் நாள் அதிகாலை, இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் அச்சேற்றில் மூழ்கி மாண்டனர். பிழைப்புத் தேடி நெடுந்தொலைவிலிருந்து வந்தவர்கள் அவர்களில் மிகப் பலர். இரண்டாவது குழாயை மறந்ததன் விலை எவ்வளவு என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் சொல்ல முடியாது.

தரம்பிரிக்கும் சவ்வு

அப்படியானால் புதிய சவ்வுகளால் பயனே இல்லையா? உண்டு, பெரும்பயன் உண்டு. ஆனால் அப்பயன் விளம்பரங்கள் பேசும் வேகத்தில் இல்லை. ஒன்றோடொன்று கலந்தவற்றைத் தரம்பிரிக்கும் ஆற்றலில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். குரோமியத்தில் பதனிட்ட நீரில் குரோமியமும் சல்பேட்டும் சாதாரண உப்பாகிய குளோரைடும் கலந்திருக்கும். நானோ வடிகட்டிச் சவ்வின் மேற்பரப்பில் மின்னேற்றம் உண்டு. அந்த மின்னேற்றத்தாலும் துளையின் அளவாலும், பெரிய அயனிகளாகிய குரோமியமும் சல்பேட்டும் பின்னே நிறுத்தப்படும். குளோரைடு நீரோடு கடந்துபோகும். நின்ற குரோமியத்தை மீண்டும் பதனிடப் பயன்படுத்தலாம். கடந்துபோன உப்புநீரை, பதனிடுவதற்கு முன் தோலை அமிலத்தில் ஊறவைக்கும் கட்டத்தில் பயன்படுத்தலாம். கழிவாக இருந்தது சரக்காகிவிடுகிறது! கிராஃபீன் ஆக்சைடும் உலோகச் சட்டகங்களும் தம் துளைகளை வேண்டிய அளவுக்கு அமைத்துக்கொள்ள இடந்தருவதால், இத்தகைய தரம்பிரிப்பை இன்னும் நுட்பமாகச் செய்யும் என்று அறிஞர்கள் எதிர்பார்க்கின்றனர்.

இது வெறும் கனவன்று என்பதற்குத் திருப்பூர் சான்றாகும். நொய்யல் ஆற்றைச் சாயக்கழிவு பாழ்படுத்தியதால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்து தவித்தனர். கழிவு ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்னும் நிபந்தனையுடன் தொழில் மீண்டு எழுந்தபொழுது, சவ்வுகளால் பிரித்த நீரும், சாயம் ஏற்றப் பயன்படும் சோடியம் சல்பேட் உப்பும் பட்டறைக்கே திரும்பச் செல்லலாயின. அங்கும் கலப்பு உப்புக் குவியல் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. எனினும் விலைபோகும் அளவுக்குத் தூய்மையாகப் பிரிக்கப்பட்ட உப்புக்குக் கொட்டகை தேவையில்லை என்பதை அவ்வூர் காட்டியது.

அந்நீரில் ஒளுச் செய்யலாமா?

வாசகர்கள் சிலர் உள்ளத்தில் இக்கேள்வி எழுந்திருக்கும். நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றும் அசுத்தத்தால் மாறாதிருத்தலைப் பிக்ஹு நூல்கள் அடையாளமாகக் கூறுவதை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். சுத்திகரிக்கப்பட்ட சாக்கடை நீரைப் பற்றி 1978-இல் சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை ஆராய்ந்தது. நவீன முறைகளால் அசுத்தத்தின் சுவடு இம்மூன்றிலும் எஞ்சாதவாறு நீக்கப்பட்டால் அந்நீர் தூயதே. உடல்நலத்துக்குக் கேடு விளையுமாயின் குடித்தல் கூடாது என்று அது முடிவு கூறியது.

இம்முடிவின் பிற்பகுதி ஊன்றி நோக்கத்தக்கது. கரைந்த குரோமியமும் உப்பும் சில வேளைகளில் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியமாட்டா. நீர் பளிங்குபோல் இருக்கும், பயிர் கருகும். ஆகவே தொழிற்கழிவைப் பொறுத்தவரை கண்ணால் பார்த்துத் திருப்தியடைவது போதாது. ஆய்வுக்கூடச் சோதனையே சாட்சி சொல்ல வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

நானோ சவ்வு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் பல இருக்கின்றன. ஊறவைப்பதற்கு முன் தோலில் ஒட்டிய உப்பை உதறி எடுத்தாலே பெருமளவு உப்பு நீரில் சேராது தடுக்கலாம். குரோமியக் கழிவுநீரை மற்றக் கழிவோடு கலக்காமல் தனியே எடுத்து, அதிலிருந்து குரோமியத்தை மீட்கும் எளிய முறைகள் பல ஆண்டுகளாகவே நடைமுறையில் உள்ளன. எல்லாவற்றையும் ஒரே கால்வாயில் கலந்துவிட்டுப் பிறகு பிரிக்க முயல்வது, உப்பையும் சர்க்கரையையும் ஒரே டப்பாவில் கொட்டிவிட்டுப் பொறுக்க முனைவதற்கு ஒப்பாகும். தனித்தனியே வரும் கழிவில்தான் நாளைய நானோ சவ்வும் நன்றாக வேலை செய்யும்.

நம் கல்லூரிகளில் வேதியியல் பயிலும் மாணவர்களும் மாணவியரும் இத்துறையை ஏறெடுத்துப் பார்க்கலாம். தோல் தொழிலின் வருவாயில் எழுந்த ஆய்வுக்கூடங்களிலிருந்தே அத்தொழிலின் நோய்க்கு மருந்து பிறக்குமாயின், அதைவிடப் பொருத்தமான கைம்மாறு வேறென்ன இருக்க முடியும்?

தொழிலதிபர்களுக்கும் சுத்திகரிப்பு நிலையங்களின் நிர்வாகிகளுக்கும் கூறவேண்டியது ஒன்றுண்டு. புதிய சவ்வை விற்க வருவோர், எத்தனை விழுக்காடு நன்னீர் கிடைக்கும் என்று கணக்குக் காட்டுவர். அக்கணக்கைக் கேட்டபின், மீதமுள்ளது என்னவாகும், யார் அதை வாங்குவார், எவர் வீட்டருகே அது கிடக்கும் என்றும் கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் அந்தச் சவ்வு பாதி வேலையைத்தான் செய்கிறது என்று பொருள். மீதிப் பாதியைச் சுமக்கப்போகிறவர் பாலாற்றங்கரையில் உப்புக் கரிக்கும் கிணற்றை வைத்திருக்கும் அண்டை வீட்டாரே. அவருடைய கிணறு இனிக்கும் நாளில்தான் நம் தொழில் தூய்மையடைந்தது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.